ஆடிய எட்டாண்டும் ஆடாத அறுபதாண்டும்

திருக்கோவிற் கடற்கரையிலே, சித்திர வேலாயுத சுவாமி கோயிலுக்கு இருபுறமும் விரிந்துகிடக்கும் மணற்பரப்பில், வெயில் தாழ்ந்ததும் சிறுவர்கள் பந்துதைப்பது வழக்கம். வடக்கே அக்கரைப்பற்று, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும் இக்காட்சிக்குக் குறைவில்லை. மணலில் ஆடுவோருக்குப் பாதணி வேண்டியதில்லை. வெறுங்காலாற் பந்தை நிறுத்தி, திருப்பி, தட்டிப் பழகிய காலுக்கு வருகின்ற நுட்பம் பாதணிக் காலுக்கு எளிதில் வருவதில்லை என்று சொல்லும் முதியோர் எல்லா ஊரிலும் உளர். அக்கூற்றிற் பாதி உண்மை உண்டு.

மற்றப் பாதியை இந்தியர்கள் இரண்டு ஒலிம்பிக்கு விழாக்களிற் கற்றுக்கொண்டார்கள். 1948ஆம் ஆண்டு இலண்டன் மாநகரில் இந்திய அணியினர் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடிப் பிரான்சு நாட்டிடம் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டுமே தோற்றனர். அந்த ஒரே கோலைப் போட்டவரின் பெயர் சாரங்கபாணி இராமன். தோல்வியிலும் ஒரு பெருமிதம் இருந்தது. நான்காண்டு கழித்து எல்சிங்கி நகரின் குளிரில் யுகோசிலாவிய அணி அப்பெருமிதத்தைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கிற் போக்கிவிட்டது. அதன் பின்னர் இந்தியாவில் பாதணி அணிந்தே ஆடவேண்டும் என்ற விதி வந்தது. பாதணி அணிந்து ஆடிய அந்தப் புதிய தலைமுறையில் முதல் வரிசையில் வைத்து எண்ணப்படுபவர் ஒரு தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை. ஆயினும் தமிழ்நாட்டிலோ ஈழத்திலோ அவர் பெயரை அறிந்தோர் மிகச் சிலரே. அவர் துளசிதாஸ் பலராம்.

பலராம் 1936ஆம் ஆண்டு செக்கந்தராபாத்துக்கு அண்மையிலுள்ள அம்முகுடா என்ற சிற்றூரிற் பிறந்தார். தெலுங்கும் உருதுவும் வழங்கும் அந்நாட்டில் தமிழ்க் குடும்பம் எவ்வாறு குடியேறிற்று என்று நேயர்கள் வினவலாம். செக்கந்தராபாத்து நிசாமின் நாட்டில் ஆங்கிலேயர் அமைத்த படைநகரம். அங்கே பாளையமிறங்கியிருந்தது சென்னைப் பட்டாளம். பட்டாளம் சென்ற இடமெல்லாம் சிப்பாய்களோடு சமையற்காரரும், சலவைத் தொழிலாளரும், கணக்கரும், கடைக்காரரும் உடன் சென்றனர். அவர்களுட் பெருந்தொகையினர் தமிழர். பட்டாளம் கலைந்தபோதும் குடும்பங்கள் அங்கேயே தங்கிவிட்டன. இந்தியாவின் புகழ்பெற்ற பந்துக் காப்பாளராகிய பீற்றர் தங்கராஜ் 1935இல் ஐதராபாத்திற் பிறந்ததும், பின்னர் சென்னை ரெசிமெந்துப் பயிற்சி நிலையத்தின் அணியிற் சேர்ந்து 1955இலும் 1958இலும் தூராந்துக் கிண்ணத்தை வென்றதும் இதே வரலாற்றின் மற்றோர் இழை. உதைபந்தாட்டம் அந்நகருக்கு வந்ததும் வெள்ளைச் சிப்பாய்களின் காலோடுதான். படைவீரர் மாலையில் ஆடுவதை வேலிக்கு வெளியே நின்று பார்த்த சிறுவர்கள், அவர்கள் போனதும் அத்திடலில் தாங்களே இறங்கி ஆடினார்கள்.

பலராமின் வீட்டில் வறுமை இருந்தது. மகன் படித்து அரசாங்க உத்தியோகத்தில் அமரவேண்டும் என்பது தாயின் விருப்பம். பந்தின் பின்னால் ஓடுவதனாற் சோறு வராது என்று எண்ணிய தாயைக் குறை சொல்வதற்கில்லை. அக்காலத்திற் பெரும்பாலும் அதுவே உண்மை. எனினும் மகன் பாதணி வேண்டுமென்று அடம்பிடித்தான். பொலிசார் கழித்துவிட்ட பழஞ் சப்பாத்துகளை வெட்டித் தைத்து, பந்தாட்டப் பாதணியாக்கித் தரும் சக்கிலியர் ஒருவர் இருந்தார். இரண்டு ரூபாவுக்கு அவர் செய்து கொடுத்த பாதணியே பலராம் முதன்முதல் அணிந்தது. ஒலிம்பிக்கு வரை சென்ற பயணம் அந்த இரண்டு ரூபாவிலே தொடங்கியது.

அவரைக் கண்டெடுத்தவர் சையது அப்துல் ரகீம். இந்தப் பெயரைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். ரகீம் ஆசிரியத் தொழில் பார்த்தவர்; உசுமானியாப் பல்கலைக்கழகத்திற் படித்தவர். அவர் பயிற்றிய ஐதராபாத்து நகரப் பொலிசு அணி 1950 முதல் 1954 வரை ஐந்தாண்டும் தொடர்ந்து பம்பாயின் ரோவர்சுக் கிண்ணத்தை வென்றது. 1951இல் புதுதில்லியில் நடந்த முதலாவது ஆசிய விளையாட்டு விழாவில் இந்தியா தங்கம் பெற்றதும் அவரது பயிற்சியினாலேயே. பள்ளிக்கூடத்து ஆசிரியர் மாணவனுக்குக் கணக்கைப் படிப்படியாகச் சொல்லிக்கொடுப்பதுபோல அவர் ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தார் என்பர். செக்கந்தராபாத்துத் திடல் ஒன்றிற் பலராமின் ஆட்டத்தைப் பார்த்த ரகீம், ஐதராபாத்து அணிக்கான தேர்வுக்கு வரும்படி அழைத்தார். நாள்தோறும் அவ்வளவு தூரம் வருவதற்கு வசதியில்லை என்றான் இளைஞன். ரகீம் ஒரு துவிச்சக்கரவண்டிக்கு ஏற்பாடு செய்துகொடுத்தார். அம்முகுடாவிலிருந்து மைல் கணக்காக அவ்வண்டியை மிதித்து வந்து, ஆடி முடித்து, மீண்டும் மிதித்துப் போன ஒருவன், அவ்வாண்டே சந்தோசுக் கிண்ணத்தை வென்ற ஐதராபாத்து அணியில் இடம்பெற்றான். அதே 1956ஆம் ஆண்டிற் கப்பலேறாமல் ஆகாய விமானமேறி மெல்போணுக்கும் சென்றான்.

மெல்போண் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காம் இடம் பெற்றது. அவுத்திரேலியாவை நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் வென்றபோது நெவில் டிசூசா மூன்று கோல்களைப் போட்டார். அரையிறுதியில் யுகோசிலாவியாவும், மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்திற் பல்கேரியாவும் இந்தியாவை வென்றன. ஆசியாவிலிருந்து ஒலிம்பிக்கு உதைபந்தாட்ட அரையிறுதிக்குச் சென்ற முதல் அணி அதுவே. இருபதே வயதான பலராமுக்கு அது பெரிய பள்ளிக்கூடமாயிற்று.

அடுத்த ஆண்டு அவர் கல்கத்தாவின் கிழக்கு வங்கக் கழகத்திற் சேர்ந்தார். கல்கத்தாவைப் பற்றிச் சொல்லாமற் பலராமைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்நகரில் உதைபந்தாட்டம் பொழுதுபோக்கன்று. 1911இல் மோகன் பாகான் கழகம் வெறுங்காலோடு ஆடி, ஆங்கிலப் படையணி ஒன்றை வென்று கேடயத்தைப் பெற்ற நாள் வங்காளிகளுக்கு ஒரு விடுதலைத் திருநாள் போன்றது. 1920இல் தோன்றிய கிழக்கு வங்கக் கழகமோ, 1947இல் நாடு பிரிந்தபின், வீடும் நிலமும் இழந்து எல்லை கடந்து வந்த இலட்சக்கணக்கான அகதிகளின் கழகமாயிற்று. இழந்த ஊரின் பெயர் அக்கழகத்தின் பெயரிலேயே உயிரோடிருந்தது. அது வென்ற நாளிற் சந்தையில் இல்சா மீன் விலை ஏறும். மோகன் பாகான் வென்றால் இறால் விலை ஏறும். கடற்கரை ஊர்களில் வாழும் நேயர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அத்தகைய மக்களின் நம்பிக்கையைத் தமிழ்ப் பெற்றோரின் மகன் ஒருவன் தோளிற் சுமந்தான். 1957 முதல் 1962 வரை அவர் அக்கழகத்துக்கு ஆடி நூற்றுக்கு மேற்பட்ட கோல்களைப் போட்டார். 1961இல் அணித் தலைவராகிக் கல்கத்தா லீக்கை வென்று கொடுத்தார். அவ்வாண்டு 23 கோல்களோடு லீக்கில் முதல்வராகவும் விளங்கினார். அவர் ஓட்டத்தின் வேகத்தைவிட, பந்தைப் பெற்றதும் ஒருகணம் நிற்பதுபோல் நின்று, எதிரி காலை நீட்டியபின் மறுபுறம் நழுவிச் செல்லும் பாங்கையே கண்டவர்கள் பெரிதும் பேசினார்கள். தாமே கோல் போடக்கூடிய நிலையிலும் பக்கத்தில் நிற்பவனுக்குப் பந்தைத் தள்ளிவிடும் பழக்கம் அவரிடம் இருந்தது. இது குணத்திலிருந்து வந்ததோ, ரகீமின் பயிற்சியிலிருந்து வந்ததோ, சொல்வது கடினம்.

வலப்புறத்தில் பி. கே. பானர்சி, உள்ளணியில் சூனி கோசுவாமி, அவர்களோடு பலராம். இம்மூவரையும் மும்மூர்த்திகள் என்று கல்கத்தா இரசிகர்கள் அழைத்தார்கள். 1960ஆம் ஆண்டு உரோமாபுரி ஒலிம்பிக்கில் இம்மூவரும் சேர்ந்து ஆடினர். ஆகத்து 26ஆந் தேதி இத்தாலியின் மலைநகராகிய இலாக்குவிலாவில் அங்கேரியை எதிர்த்தார்கள். அங்கேரி அக்காலத்தில் எத்தகைய நாடு! ஐரோப்பாவுக்கே உதைபந்தாட்டம் கற்பித்த நாடு. அதன் அணியில் புளோரியன் அல்பேட் என்ற இளம் வீரர் இருந்தார். அவ்வணி இரண்டு கோல்கள் போட்டுவிட்டது. ஆட்டம் முடிய ஏறத்தாழப் பத்து நிமிடம் இருக்கையிற் பலராம் ஒரு கோல் போட்டார். அதன் பின் அங்கேரியர் தங்கள் கோலைக் காப்பதிலேயே கண்ணாயிருக்க வேண்டியதாயிற்று. இரண்டுக்கு ஒன்று என்று இந்தியா தோற்றது. மூன்று நாள் கழித்துப் பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்றாகச் சமமாயிற்று, அக்கோல் பானர்சியினுடையது. பேரு நாட்டிடம் தோற்று அணி ஊர் திரும்பியது. அதன் பின்னர் இந்திய உதைபந்தாட்ட அணி ஒலிம்பிக்கு விழா ஒன்றுக்கும் தகுதி பெறவில்லை.

இரண்டாண்டு கழித்து ஜக்கார்த்தா. 1962இல் அங்கு நடந்த ஆசிய விளையாட்டு விழாவுக்கு இசுரவேலரும் தைவான் நாட்டினரும் வரமுடியாதபடி இந்தோனேசிய அரசு செய்துவிட்டது. அதை இந்தியப் பிரதிநிதி சோந்தி கண்டித்தார். அக்கண்டனத்தினால் நகர மக்களின் கோபம் இந்தியர்மேல் திரும்பியது. இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. அணியினர் வெளியே செல்லவும் அஞ்சியிருந்த நிலையிலேயே இறுதியாட்டம் வந்தது. தென்கொரியாவே எதிரி, முதல் ஆட்டத்தில் இந்தியாவை இரண்டு கோல்களால் வென்ற அணி. இதற்கிடையில் தாய்லாந்து, யப்பான், தென்வியட்நாம் ஆகிய அணிகளை இந்தியா வென்றிருந்தது. யப்பானுக்கெதிரான இரு கோல்களுள் ஒன்று பலராம் போட்டது.

செத்தெம்பர் 4ஆந் தேதி, ஏறத்தாழ இலட்சம் பேர் நிறைந்த செனாயன் அரங்கில், இந்தியர் காலிற் பந்து பட்டபோதெல்லாம் கூச்சல் எழுந்தது. தலையில் தையலோடு நின்ற சார்ணையில் சிங் என்ற காவல் வீரரை ரகீம் நடுமுன்னணிக்கு அனுப்பியிருந்தார். பந்துக் காப்பாளர் பீற்றர் தங்கராஜ் காய்ச்சலிலிருந்து முழுதும் எழாதவர். பலராம் இடப்புறத்தில் ஆடினார். பதினேழாம் நிமிடத்தில் பானர்சியும், இருபதாம் நிமிடத்தில் சார்ணையில் சிங்கும் கோல் போட்டனர். கொரியர் கடைசி நேரத்தில் ஒன்றைத் திருப்பினர். இரண்டுக்கு ஒன்றாக இந்தியா தங்கம் வென்றது. அந்தப் பெருங்கூட்டத்தில் இந்தியருக்காகக் கைதட்டியவர்கள் பாகிசுத்தான் கொக்கி விளையாட்டு அணியினரே என்று பானர்சி பிற்காலத்திற் சொல்வதுண்டு. அவ்வாண்டின் அருச்சுனா விருது பலராமுக்குக் கிடைத்தது. இந்தியா ஆசிய விழாவில் உதைபந்தாட்டத் தங்கத்தை அதன் பின்னர் வென்றதில்லை.

ரகீம் அப்போதே நோயுற்றிருந்தார். 1963 யூன் மாதத்தில் புற்றுநோயினால் இறந்தார். அதே 1963ஆம் ஆண்டு பலராமின் ஆட்டமும் முடிந்தது.

நுரையீரலைப் பற்றிய நோய் அவரை வீழ்த்தியது. சயரோகத்தோடு சேர்த்துப் பேசப்படும் நெஞ்சு நோய். வயது இருபத்தேழு. உதைபந்தாட்டக்காரனுக்கு அறிவும் உடலும் ஒன்றையொன்று சந்திக்கும் வயது அது. நோய் கொல்லவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஐந்தாண்டு முன்னதாக வந்திருந்தாலும் அக்காலத்து மருந்துகள் உயிரைக் காத்திருக்கும். சயரோகியை மலைவாசச் சுகவனத்துக்கு அனுப்பாமல் வீட்டில் வைத்தே மருந்து கொடுத்துக் குணப்படுத்தலாம் என்பதை உலகுக்கு 1959இற் காட்டியது சென்னையில் நடந்த ஆராய்ச்சியே. ஆனால் உயிர் பிழைப்பது வேறு. தொண்ணூறு நிமிடம் ஓடும் மூச்சு வேறு. முன்னதை மருத்துவம் தந்தது. பின்னதைத் தர அதனால் இயலவில்லை.

அவர் அவ்வாண்டு கிழக்கு வங்கக் கழகத்தை விட்டு, வங்காள நாகபுரிப் புகையிரதப் பகுதி அணிக்கு வந்திருந்தார். அக்காலத்து இந்தியாவில் உதைபந்தாட்டம் தொழிலன்று. சட்டப்படி எல்லா வீரரும் ஊதியம் பெறாதவர்கள். புகையிரதப் பகுதியோ, பொலிசோ, துறைமுகமோ கொடுக்கும் உத்தியோகமே அவர்களுக்குச் சோறு. இலங்கையிலும் நிலைமை இதுதான். தாயார் விரும்பிய உத்தியோகம் பலராமுக்குப் பந்தின் வழியாகவே வந்தது என்பது விந்தை. பந்து போனபின்னும் உத்தியோகம் நின்றது. அவரைக் காத்தது அதுவே.

ஊதியம் பெற்று ஆடும் நாடுகளில் வீரரின் பிற்காலம் இதனினும் நன்றாயிருந்தது என்று முடிவுகட்ட வேண்டாம். பலராம் கல்கத்தாவுக்கு வந்த அதே 1957இல், வேல்சு நாட்டின் சுவான்சி நகரத்தவரான யோன் சாள்சு என்ற வீரரை இத்தாலியின் யுவெந்தசுக் கழகம் 65,000 பவுன் கொடுத்து இங்கிலாந்தின் இலீட்சுக் கழகத்திடமிருந்து வாங்கியது. இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய வீரரும் வாரத்துக்கு ஒரு குறித்த எல்லைக்கு மேற் சம்பளம் பெற முடியாது என்ற விதி 1961 வரை இருந்தது. ஆகவே இத்தாலி சாள்சுக்குப் பொன்னாடாயிற்று. மூன்று முறை இத்தாலிய வெற்றிவாகை சூடினார். ஆயினும் ஆட்டம் முடிந்து ஊர் திரும்பியபின் அவர் தொடங்கிய வாணிகங்கள் தோற்றன. கையிலிருந்த பணம் கரைந்தது. 2004இல் அவர் இறந்தபோது இரு நாடுகள் துக்கம் கொண்டாடின. பணம் போயிற்று, அன்பு போகவில்லை. பலராமின் கணக்கு வேறு விதமானது. அவருக்குப் பணம் வந்ததுமில்லை, போனதுமில்லை. அன்பின் பங்கிலேதான் அவருக்கு வழக்கு இருந்தது.

சிறிது காலம் இளைஞர்களுக்குப் பயிற்சியளித்தார். கல்கத்தாவுக்கு வடக்கே கூக்ளியாற்றங்கரையிலுள்ள உத்தரபாராவில் வீடமைத்துக்கொண்டார். மணம் செய்துகொள்ளவில்லை. செக்கந்தராபாத்துக்கு மீண்டும் குடியேறவுமில்லை. மும்மூர்த்திகளுள் மற்றிருவரின் பெயரும் ஆண்டுக்காண்டு உயர்ந்துகொண்டே போயிற்று. கோசுவாமி கிரிக்கெட்டிலும் வங்காள அணியின் தலைவரானார்; 1983இற் பத்மசிறீ பெற்றார். பானர்சி நாட்டின் தலைசிறந்த பயிற்சியாளரானார். 1990இற் பத்மசிறீ பெற்றார். பலராமுக்கு அவ்விருது கடைசிவரை வரவில்லை.

இதனால் அவருக்கு மனக்குறை இருந்தது. அதை அவர் மறைக்கவுமில்லை. தாம் பாடுபட்ட கழகத்தோடும் மனக்கசப்புக் கொண்டு விலகியிருந்தார். முதுமையில் ஒருவர் விருதை எண்ணி வருந்துவதைச் சிலர் சிறுமை என்பர். அவ்வாறு கூறுவோர் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். கோசுவாமிக்கு வங்காளம் தாய்நாடு. பானர்சிக்குப் பயிற்சித் தொழில் இரண்டாம் புகழைத் தந்தது. பலராமுக்கு வங்காளத்தில் உறவில்லை. தெலுங்கு நாட்டில் அவர் தமிழர். தமிழ்நாட்டில் அவர் அறியப்படாதவர். எட்டாண்டு ஆடிய ஆட்டத்தைத் தவிர அவருக்கென்று சொல்லிக்கொள்ள வேறு ஊர் இல்லை. அவ்வாட்டம் நினைவுகூரப்படுகிறதா என்பதை அறியும் அளவுகோலாகவே அவர் அவ்விருதைக் கருதினார் போலும். அது தவறான அளவுகோலாயிருக்கலாம். வேறோர் அளவுகோலை அவருக்குக் கொடுத்தவர் யார்?

2020ஆம் ஆண்டு, கொள்ளைநோயினால் உலகெங்கும் அரங்குகள் பூட்டிக்கிடந்த நேரத்தில், மார்ச்சு 20ஆந் தேதி பானர்சி மறைந்தார். ஏப்பிரில் 30ஆந் தேதி கோசுவாமி மறைந்தார். நாற்பத்தொரு நாளில் இருவர் போய்விட, உத்தரபாராவின் ஆற்றங்கரை வீட்டில் மூன்றாமவர் தனித்திருந்தார். அதன்பின் செய்தியாளர்கள் அவரைத் தேடிச் சென்றார்கள். இலாக்குவிலாவில் அங்கேரியருக்கெதிராகப் போட்ட கோலைப் பற்றியும், ரகீம் கொடுத்த துவிச்சக்கரவண்டியைப் பற்றியும் கேட்டெழுதினார்கள்.

2023 பெப்ருவரி 16ஆந் தேதி கல்கத்தா மருத்துவமனையொன்றிற் பலராம் காலமானார். வயது எண்பத்தாறு. ரகீமின் வாழ்வையும் ஜக்கார்த்தா வெற்றியையும் கதையாகக்கொண்ட ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் அப்போது எடுத்து முடிக்கப்பட்டும் வெளிவராமற் கிடந்தது. பலராமாக ஓர் இளம் நடிகர் அதில் நடித்திருந்தார். 2024 ஏப்பிரிலில் அப்படம் திரைக்கு வந்தபோது பலராம் மறைந்து பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன.